கேலரிப் பாட்டு ஆப்: மெட்டு அருமை, வரிகள்தான் ஊசிப்போய்விட்டன

டிவியில் ஃபுட்பால் மேட்ச் பார்க்கும்போது கமெண்டரிக்குப் பின்னால் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும் இல்லையா, பல்லாயிரம் பேர் ஒரே குரலில் எதையோ பாடுவார்கள், என்ன பாடுகிறார்கள் என்பது மட்டும் கடைசிவரை பிடிபடாது. எனக்கு அது பல வருட உறுத்தல். மெட்டு எங்கேயோ கேட்ட மெட்டாக இருக்கும், ஒரு வீரரின் பெயர் அரைகுறையாகக் காதில் விழும், திடீரென்று மொத்தக் கேலரியும் சிரிக்கும், நான் மட்டும் அசடு மாதிரி உட்கார்ந்திருப்பேன். அதற்காகத்தான் இந்த ஆப்பை இறக்கினேன். கிளப்பின் பெயரைத் தட்டினால் அந்தக் கிளப்பின் ரசிகர்கள் பாடும் பாட்டெல்லாம் வரிசையாக வரும், மைதானத்தில் பதிவு செய்த ஒலி, கீழே வரிகள், என்ன மெட்டு என்று ஒரு குறிப்பு. ஆறு மாதம் பயன்படுத்திவிட்டேன், அதில் இரண்டு மாதம் சந்தாவும் கட்டினேன். அதனால் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வேலையைச் செய்யும் வேறு இரண்டையும் இறக்கிப் பார்த்தேன், மூன்றுக்கும் ஒரே வியாதி. ஒன்றை மட்டும் பிடித்து அடிப்பது நியாயமில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மெட்டு வாரியாகத் தேட ஒரு பக்கம் இருக்கிறது, அதைச் செய்தவருக்கு ஒரு சால்வை போர்த்தலாம். ஒரு மெட்டைத் தட்டினால் அதே மெட்டில் எந்தெந்தக் கிளப் என்னென்ன வரி போட்டிருக்கிறது என்று எல்லாம் ஒரே இடத்தில் வந்துவிடும். குவாண்டனமேரா என்ற கியூபப் பாட்டின் மெட்டில் ஒரு வீரரின் பெயரைப் போட்டு 'இவரைப் போல் இன்னொருத்தர் இல்லை' என்று பாடுகிறார்கள், அதே மெட்டைத் திருப்பி எதிரணி ரசிகர்களைப் பார்த்து 'ஜெயிக்கும்போது மட்டும்தான் உங்களுக்கு வாய் திறக்குமா' என்று குத்துகிறார்கள். வேல்ஸ் நாட்டுத் தேவாலயப் பாடல் ஒன்றின் மெட்டு, கும் ரொந்தா என்று பெயர், பக்தியோடு பாட வேண்டியது, அதில்தான் கோல் வாங்கி அடங்கிப்போன எதிர்க் கேலரியைப் பார்த்து 'இப்போது ஏன் சத்தத்தையே காணோம்' என்று கேட்கிறார்கள். 1851-ல் மேடையேறிய வெர்டியின் ரிகொலெட்டோ ஓபராவில் இருந்து ஒரு மெட்டை எடுத்து வெஸ்ட் ஹாம் ரசிகர்கள் டி கானியோ என்ற இத்தாலிய வீரருக்குப் போட்டிருக்கிறார்கள். 1993-ல் வந்த 'நோ லிமிட்' என்ற டான்ஸ் பாட்டை மான்செஸ்டர் சிட்டிக்காரர்கள் எடுத்துக்கொண்டு, கோலோ டூரே, யாயா டூரே என்ற அண்ணன் தம்பி பெயரை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லியே ஒரு முழுப் பாட்டை ஓட்டிவிட்டார்கள். 2018-ல் லிவர்பூல் ரசிகர்கள் போன இடமெல்லாம் பாடிய 'அலே அலே அலே' கூட 1985-ல் வந்த ஓர் இத்தாலிய டிஸ்கோப் பாட்டின் மெட்டுதான், கோடை முடிகிறதே என்று ஏங்கும் பாட்டு அது.

இந்தப் பக்கத்தில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தபிறகுதான் விளங்கியது, இது நமக்குத் தெரிந்த எசப்பாட்டேதான். ஒரு பக்கம் எடுத்துவிட, மறுபக்கம் அதே மெட்டில் பதில் கொடுக்க வேண்டும், மெட்டு பொதுச்சொத்து, வரிதான் அவரவர் சாமர்த்தியம். எழுதியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை, நன்றாக இருந்தால் அடுத்த வரிசை பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ஆரம்பித்தவர் நாலு வார்த்தையோடு வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடுவார். இந்தப் பழக்கம் நேற்று வந்ததும் கிடையாது. 'ஆன் தி பால், சிட்டி' என்ற நாரிச் கிளப்பின் பாட்டுதான் இன்றும் பாடப்படுகிற பாட்டுகளிலேயே மிகப் பழையது என்கிறார்கள், அந்தக் கிளப் தொடங்கியது 1902-ல், பாட்டு அதற்கும் முந்தியதாம். எல்கர் என்ற பெரிய ஆங்கில இசையமைப்பாளர் 1898-லேயே வுல்வர்ஹாம்டன் அணியின் வீரர் ஒருவருக்காக ஒரு வரிக்கு மெட்டுப் போட்டிருக்கிறார், வரி பத்திரிகையில் வந்த மேட்ச் ரிப்போர்ட்டில் இருந்து எடுத்தது.

வார்த்தையே இல்லாமல் ஜெயித்த ஒன்றும் உண்டு. 'செவன் நேஷன் ஆர்மி' என்ற 2003-ம் வருடத்துப் பாட்டின் கிட்டார் துண்டு. அதே வருடம் அக்டோபரில் பெல்ஜியத்தின் கிளப் ப்ரூகா ரசிகர்கள் மிலனுக்குப் போனபோது அதை முனக ஆரம்பித்தார்கள், அன்றைக்கு ஏசி மிலனை 1-0 என்று ஜெயித்தும்விட்டார்கள், அப்புறம் 2006-ல் ரோமா ரசிகர்கள் அவர்களிடமிருந்து பிடித்துக்கொள்ள, அந்த வருட உலகக் கோப்பையை இத்தாலி தூக்கியபோது நாடே அதைத்தான் முனகியது. இன்று எந்த நாட்டு மைதானத்திலும் கேட்கலாம். 2017-ல் ஜெரமி கார்பின் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதியின் பெயரைக் கூட அதில் பொருத்திப் பாடினார்கள், பெயர் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆப்பில் இதற்கு நூற்றுக்கு மேல் பதிவு இருக்கிறது, வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் 'ஓ ஓ ஓ ஓ' என்று மெனக்கெட்டு டைப் அடித்து வைத்திருக்கிறார்கள்.

சரி, இப்போது குறைக்கு வருகிறேன்.

வரிகளைக் கல்வெட்டு மாதிரி வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டுக்கு ஒரே வடிவம், தேதி கிடையாது, யார் எப்போது பாடியது என்று கிடையாது, இப்போதும் பாடுகிறார்களா என்றும் கிடையாது. டாட்டன்ஹாம் பக்கத்தைத் திறந்தால் மேலேயே ஹாரி கேன் 'எங்க வீட்டுப் பிள்ளை' என்கிற தோரணையில் ஒரு பாட்டு நிற்கிறது. அவர் 2023-ல் பயர்ன் மியூனிக்குக்குப் போய்விட்டார். புதிதாகப் பார்க்க வருகிறவர் அதைப் படித்துவிட்டு மைதானத்தில் எழுந்து நின்று பாடினால் பக்கத்து இருக்கைக்காரர் எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய சொதப்பல் அர்ஜென்டினா பக்கத்தில். 2022 உலகக் கோப்பையில் உலகமே கேட்ட 'முச்சாச்சோஸ்', அது 2003-ல் வந்த ஒரு குடிப்பாட்டு. 2021-ல் பிரேசிலை அவர்கள் மைதானத்திலேயே ஜெயித்து கோபா அமெரிக்கா என்ற தென் அமெரிக்கக் கோப்பையை எடுத்தபிறகு ஓர் ஆசிரியர், அவரும் ரசிகர்தான், அதற்குப் புது வரி எழுதினார். மரடோனா, மெஸ்ஸி, மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுகளுக்காக பிரிட்டனோடு நடந்த போரில் செத்த பையன்கள், தோற்ற இறுதி ஆட்டங்களுக்காக அழுத வருடங்கள், எல்லாம் அதில் இருக்கும், மூன்றாவது உலகக் கோப்பை வேண்டும் என்ற ஆசையும் இருக்கும். டிசம்பர் 18-ம் தேதி கோப்பை வந்துவிட்டது. வந்த கையோடு ரசிகர்கள் 'வேண்டும்' என்பதை 'ஜெயித்துவிட்டோம்' என்று மாற்றிப் பாடினார்கள், யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, சுற்றறிக்கை வரவில்லை. ஆப்பில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒலி ஜெயித்தபிறகு பாடியது, கீழே ஓடும் வரி ஜெயிப்பதற்கு முன்னால் எழுதியது. காதில் ஒன்று, கண்ணில் ஒன்று. ஸ்பானிஷ் தெரியாதவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, எனக்கே மொழிபெயர்ப்பைப் போட்டுப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. ஒரு பாட்டின் வரி மாறுவதற்கு இதைவிட அழகான உதாரணம் கிடைக்காது, அதைக் கையில் வைத்துக்கொண்டு தொலைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர் இங்கிலாந்து. 'த்ரீ லயன்ஸ்' 1996-ல் வந்தது, 1966-ல் கோப்பை ஜெயித்து முப்பது வருடம் ஆகிவிட்டதே என்ற புலம்பலும் கூடவே ஒரு நப்பாசையும்தான் பாட்டு. 1998-ல் அதே ஆட்கள் வேறு வரி போட்டு மறுபடியும் வெளியிட்டார்கள். கேலரி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை, முப்பது வருடக் கணக்கையே இன்றுவரை பாடுகிறது. கணக்குப்படி 2026-ல் அறுபது. வருடா வருடம் எண்ணை மாற்றினால் பாட்டு பஞ்சாங்கம் ஆகிவிடும், அது புரிகிறது, அந்த எண்ணை மட்டும் அப்படியே விட்டுவிடலாம், இப்போது அது எண்ணாகவே காதில் விழுவதில்லை. எனக்கு இடிப்பது வேறு. பெண்கள் அணி 2022-ல் வெம்ப்ளியில் ஜெர்மனியை ஜெயித்து ஐரோப்பியக் கோப்பை எடுத்தது, அன்றைக்குப் பயிற்சியாளர் பத்திரிகைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்த அறைக்குள் அந்தப் பெண்களே இதே பாட்டைப் பாடிக்கொண்டு நுழைந்து ஆடினார்கள். 2025-ல் ஸ்பெயினை ஜெயித்து மறுபடியும் எடுத்தார்கள். இரண்டு கோப்பை வீட்டுக்கு வந்தபிறகும் 'கோப்பையே வரவில்லை' என்று ஒரு நாடே பாடுகிறது என்றால் அந்தப் பெண்கள் என்ன நினைப்பார்கள்? அங்கே ஒரு வரி மாறத்தான் வேண்டும். ஆப்பில் பெண்கள் அணிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, திறந்தால் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பாட்டு. இதில் கொடுமை, ஆங்கிலத்தில் 'ஹீ'யை 'ஷீ' ஆக்க அசை கூடாது குறையாது, மெட்டுக்கு வலிக்கவே வலிக்காது.

அதை நானே செய்து பார்த்தேன். சந்தாக்காரர்கள் பாட்டு அனுப்பலாம் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பெண்கள் மேட்ச் ஒன்றில் கேட்ட வடிவத்தை, பெயர், பிரதிபெயர் எல்லாம் மாறியதை, ஒலியோடு அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: 'இந்தப் பாட்டு ஏற்கெனவே உள்ளது.' திருப்பி எழுதினேன், வரி வேறு என்று. மறுபடியும் அதே பதில், இந்த முறை கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை.

இப்போது கசப்பான பகுதி. எதிர்பார்த்த மாதிரியே 'அதிகம் கேட்கப்பட்டவை' என்று ஒரு பட்டியல் இருக்கிறது, எதிர்பார்த்த மாதிரியே அதில் பாதி அசிங்கம். எது மோசமோ அதைத்தான் ஜனங்கள் 'என்னதான் பாடுகிறார்கள்' என்று தட்டிப் பார்ப்பார்கள், தட்டத் தட்ட அது மேலே ஏறும், மேலே ஏறினால் இன்னும் தட்டுவார்கள். ஓரத்தில் '18+' என்று ஒரு சிவப்பு வட்டம், சில வார்த்தைகளுக்கு நட்சத்திரக் குறி, அவ்வளவுதான் அவர்கள் எடுத்திருக்கும் அக்கறை. கெட்ட வார்த்தைக்குத்தான் நட்சத்திரம், கெட்ட அர்த்தத்துக்கு இல்லை. 1958 மியூனிக் விமான விபத்தில் 23 பேர் இறந்தார்கள், அதில் எட்டுப் பேர் மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள். 1989-ல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் நசுங்கி இறந்த லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர். இந்த இரண்டையும் கிண்டலடிக்கிற பாட்டுகளில் பெரும்பாலும் ஒரு கெட்ட வார்த்தை கூடக் கிடையாது, அதனால் ஆப்பின் வடிகட்டியில் சுத்தமாகத் தப்பித்து, குழந்தைகளும் கேட்கலாம் என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. 2023 மார்ச்சில் இரண்டு அணிகளின் பயிற்சியாளர்களும், கிளாப்பும் டென் ஹாகும், சேர்ந்தே ஓர் அறிக்கை விட்டார்கள், எங்கள் மோதல் மைதானத்தில் இருக்கட்டும், சாவைப் பாடாதீர்கள் என்று. அந்த வருடமே பிரீமியர் லீக் இதற்கென்று தனி நடவடிக்கைகள் கொண்டு வந்தது. ஆப் அதைக் கேள்விப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

நான் கேலியை விடச் சொல்லும் ஆள் இல்லை. கேலி போனால் கேலரியில் மிச்சம் என்ன இருக்கிறது, பஜனைதான். பெனால்டியை வானத்துக்கு அடித்தவனைக் கேலி செய்யலாம், விலை போட்டு வாங்கிப் பெஞ்சில் உட்கார வைத்த வீரரைக் கேலி செய்யலாம், கோல் வாங்கி வாயடைத்துப்போன எதிர்க் கேலரியைத் தாராளமாகச் செய்யலாம். ஒருவன் என்ன செய்தானோ அதைப் பாடு, என்னவாகப் பிறந்தானோ அதையும் எப்படிச் செத்தானோ அதையும் விடு. இவ்வளவுதான் நான் கேட்பது, இதற்குக் கமிட்டி வேண்டாம்.

பாராட்டு என்ற பெயரில் வருவதுதான் சிக்கலான வகை. 2017-ல் பெல்ஜிய வீரர் லுகாகு மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்து கோல் மேல் கோலாக அடித்தார், ரசிகர்கள் குஷியில் ஒரு பாட்டுக் கட்டினார்கள், அது கறுப்பின ஆண்களின் உடம்பைப் பற்றிய பழைய அருவருப்பான கட்டுக்கதையை வைத்துக் கட்டியது. கிளப் நிறுத்தச் சொன்னது, நிறவெறிக்கு எதிரான அமைப்பு கண்டித்தது. லுகாகுவே நல்லெண்ணத்தோடுதான் பாடுகிறீர்கள், ஆனாலும் இதை விட்டுவிட்டு மேலே போவோம் என்று நயமாகச் சொன்னார். அடுத்த மேட்ச்சில் கேலரியின் ஒரு பகுதி என்ன பாடியது என்றால், நாங்கள் எதை வேண்டுமானாலும் பாடுவோம் என்று. எனக்கு அங்கேதான் ஆர்வம் வந்தது. ஏன் அந்த வீம்பு? பிடுங்கினார்களே தவிர வேறு ஒன்றைக் கையில் கொடுக்கவில்லை. அவர் பெயரிலேயே மூன்று அசை சந்தம் கொட்டிக் கிடக்கிறது, லு-கா-கு, முரசு மாதிரி, அந்த மூன்றுக்கும் எதுகை தேடி ஒரு நல்ல வரி யாராவது அந்த வாரமே எழுதியிருந்தால் பழையது தானாக அமுங்கியிருக்கும் என்பது என் கட்சி.

மெக்சிகோ ரசிகர்களின் கோஷம் இதற்கு இன்னும் நல்ல சாட்சி. எதிரணி கோல்கீப்பர் கோல் கிக் அடிக்க ஓடி வரும்போது 'ஏஏஏ' என்று இழுத்து, பந்தில் கால் படும் நொடியில் ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு இரண்டு அசைச் சொல்லை வெடிப்பார்கள். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா அபராதம் மேல் அபராதம் போட்டது. 2021-ல் ஜமைக்காவோடு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தை ஆளே இல்லாத அஸ்டெகா மைதானத்தில் ஆட வேண்டி வந்தது. அந்த வருடம் மெக்சிகோ லீக் தன் சீசன் பெயரையே 'கிரீட்டா மெஹிகோ' என்று வைத்தது, அதாவது 'மெக்சிகோ என்று கத்து', அந்தச் சொல்லுக்குப் பதிலாக நாட்டின் பெயரைச் சொல்லுங்களேன் என்ற ஏற்பாடு. 2023 ஜூனில் லாஸ் வேகாஸில் அமெரிக்காவிடம் 3-0 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது அதே பழைய சொல் எழும்பி, ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கடைசியில் நேரம் முடியுமுன்பே ரெஃப்ரி விசிலை ஊதிவிட்டார். மாற்று வரி கொடுத்தும் ஏன் ஒட்டவில்லை? மெட்டுக் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய சொல் இரண்டு அசை, பொட்டென்று வெடிக்கும். 'மெ-ஹி-கோ' மூன்று, கடைசியில் வழிந்து ஓடும், உதை முடிந்தபிறகும் வாயில் மிச்சம் இருக்கும். அதைவிட, அதில் கோல்கீப்பரை சீண்டும் வேலையே இல்லை, கத்துகிறவனுக்கு என்ன சுகம்? வேறு காரணங்களும் இருக்கும், சந்தம் மட்டுமே எல்லாம் என்று சொல்லவில்லை, ஆனால் சந்தத்தை யோசிக்காமல் வைத்த மாற்று என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

டாட்டன்ஹாம் கதை வேறு மாதிரி, அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. யூத ரசிகர்கள் உள்ள கிளப் என்று பெயர் வாங்கியதால், யூதர்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லை எதிரணிக்காரர்கள் இவர்கள் மேல் வீச, இவர்கள் அதையே எடுத்துத் தங்கள் பட்டப்பெயராக மாட்டிக்கொண்டு பல பத்தாண்டுகளாகப் பாடி வந்தார்கள், அடிக்க வந்த கம்பைப் பிடுங்கிக் கொடிக்கம்பு ஆக்கிக்கொண்ட மாதிரி. கேட்டால் இது எங்கள் கவசம் என்பார்கள், அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பாடுகிறவர்களில் பெரும்பாலோர் யூதர்கள் இல்லை, காயம் ஒருவனுடையது, கவசம் இன்னொருவன் கையில். கிளப் 2019-ல் ரசிகர்களிடமே கேட்டது, 23,000-க்கு மேல் பதில் வந்தது, கிட்டத்தட்டப் பாதிப் பேர் குறையட்டும் அல்லது நிற்கட்டும் என்றார்கள். 2022 பிப்ரவரியில் இனி இந்தச் சொல்லை விட்டு நகர்வோம் என்று கிளப் கேட்டுக்கொண்டது. தடை போடவில்லை, கேட்டுக்கொண்டது. மெதுவாகத்தான் நடக்கும், ஆனாலும் இதுதான் சரியான வழி என்று எனக்குப் படுகிறது, பாடுகிறவனையே உட்கார வைத்துப் பேசுவது. இந்த நீண்ட தகராறில் ஒரு வரி கூட ஆப்பில் இல்லை. சொல் மட்டும் இருக்கிறது, பதினேழு பாட்டில்.

சட்டத்தைக் கொண்டுவந்து எதுவும் ஆகாது என்று சிலர் சொல்வார்கள். ஆகும், ஆனால் ஓட்டை இருக்கும். இங்கிலாந்தில் 1991-ல் மைதானத்தில் நிறவெறிக் கோஷம் போடுவதைக் குற்றமாக்கினார்கள், அதில் கோஷம் என்பதற்கு ஒரு விளக்கம், இன்னொருவரோடாவது சேர்ந்து திரும்பத் திரும்பச் சொல்வதுதான் கோஷம் என்று. அப்படியானால் தனி ஆளாக நின்று கத்தினால்? கோஷமே இல்லை! தனியாகக் கத்தினாலும் கோஷம்தான் என்று திருத்த 1999 ஆகிவிட்டது. இந்தத் தகவல் ஆப்பில் எங்கோ ஒரு 'தெரியுமா உங்களுக்கு' பெட்டியில் இருந்தது, நானும் சரிபார்த்தேன், உண்மைதான். பெட்டியில் போட்டவருக்கு அதே சட்டத்தில் மாட்டக்கூடிய பாட்டுகள் இரண்டு தட்டல் தள்ளி ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது உறைக்கவில்லை போலிருக்கிறது.

இதெல்லாம் கேலரியோடு நின்றுவிடும் என்று நினைப்பதும் தப்பு. பிரான்ஸ் அணியின் ஆப்பிரிக்க வம்சாவளி வீரர்களை இழிவுபடுத்தி அர்ஜென்டின ரசிகர்கள் சிலர் 2022-ல் கட்டிய ஒரு பாட்டு, 2024 கோபா அமெரிக்கா ஜெயித்தபிறகு வீரர்களின் பேருந்திலேயே ஒலித்தது, என்சோ பெர்னாண்டஸின் நேரலை வீடியோவில். செல்சி கிளப்பில் அப்போது அவரோடு ஆடிய பிரெஞ்சு வீரர்கள் அதைப் பார்த்தார்கள், அவர் மன்னிப்புக் கேட்டார், ஃபிஃபா விசாரணை வைத்தது. அவருக்கு அந்தப் பாட்டை யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். காதில் விழுந்து விழுந்து வாயில் வந்திருக்கும்.

இனிமையான பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2016-ல் இங்கிலாந்தின் விகன் கிளப் ரசிகர் ஒருவர் ஒரு பழைய டான்ஸ் பாட்டின் மெட்டில், விகனுக்கும் வட அயர்லாந்துக்கும் ஆடிய வில் கிரிக் தீயாக ஆடுகிறார், எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் நடுங்குகிறார்கள் என்று பாடி இணையத்தில் போட்டார். அந்த வருட ஐரோப்பியக் கோப்பையில் வட அயர்லாந்து ரசிகர்கள் அதைப் பாடிப் பாடி மற்ற நாட்டுக்காரர்களையும் பாட வைத்துவிட்டார்கள். இதில் வேடிக்கை, கிரிக் அந்தப் போட்டியில் ஒரு நிமிடம் கூடக் களமிறங்கவில்லை. யாரையும் புண்படுத்தாத, முழுக்க முழுக்க அபத்தமான, ஒருமுறை கேட்டால் மூன்று நாளைக்கு வாயை விட்டுப் போகாத பாட்டு. எழுதியவருக்கு கிளப் சீசன் டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்தது. ஆப்பில் இதை எத்தனை கிளப்கள் தங்கள் வீரருக்கு மாற்றிப் பாடுகின்றன என்று எண்ண ஆரம்பித்து முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

மற்ற விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இலவசப் பதிப்பில் மூன்று பாட்டுக்கு ஒரு விளம்பரம், அது பாட்டைவிடச் சத்தம். சந்தா கட்டினால் விளம்பரம் போகும், இறக்கி வைத்துக் கேட்கலாம், வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய பதிவுகள் சில கிணற்றுக்குள் இருந்து பாடுகிற மாதிரி இருக்கின்றன. தேடல் பெட்டி எழுத்து ஒன்று தப்பினாலும் கைவிரித்துவிடும், 'ப்ரூகா' என்ற ஊரை மூன்று விதமாக எழுதிப் பார்த்துத்தான் பிடித்தேன். வரிகளைக் காதால் கேட்டு எழுதியவர்கள் பல இடத்தில் ஊகித்திருக்கிறார்கள், ஒரு பாட்டில் வீரரின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு காய்கறியின் பெயர் இருந்தது, அதைத் திருத்தச் சொல்லி எழுதினேன், அதை மட்டும் அன்றைக்கே திருத்திவிட்டார்கள், அந்தப் புண்ணியம் அவர்களுக்கு. பேட்டரி கொஞ்சம் தின்னும்.

அவர்கள் செய்ய வேண்டியது ரொம்ப இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே வடிவங்களைத் தேதியோடு வரிசைப்படுத்துங்கள், எந்த வருடம் எந்த வார்த்தை போய் எந்த வார்த்தை வந்தது என்று பார்க்கவே ஆயிரம் பேர் வருவார்கள், நான் முதல் ஆளாக நிற்பேன். கைவிடப்பட்ட பாட்டை அழிக்காதீர்கள், மூடிவைத்து, ஏன் கைவிட்டார்கள் என்று நாலு வரி எழுதி, ஒலியை மட்டும் எடுத்துவிடுங்கள். 'அதிகம் கேட்கப்பட்டவை' பட்டியலைத் தூக்கிவிட்டு 'இந்த வாரம் புதிதாகப் பிறந்தவை' என்று ஒன்று வையுங்கள். அப்புறம், மெட்டைக் கொடுத்து, அசை எண்ணிக்கையைக் காட்டி, நீயே வரி போட்டுப் பார் என்று ஒரு இடம் கொடுத்தால், இந்த ஆப்பை நான் தூங்கும்போது கூட மூடமாட்டேன்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மூன்றும் மெட்டுப் பக்கத்துக்கு. டிவி முன்னால் உட்கார்ந்து 'என்னதான் பாடுகிறார்கள்' என்று தவிக்கிற ஆளாக இருந்தால் இலவசப் பதிப்பை இறக்குங்கள், போதும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் போனை எடுப்பார்கள் என்றால் அந்த 18+ வட்டத்தை நம்ப வேண்டாம், ஒருமுறை நீங்களே கேட்டுவிடுங்கள். மேட்ச் அறிவிப்புகளை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள், எனக்கு ஒரு நாள் நள்ளிரவு ஒன்றரை மணிக்கு எங்கோ ஒரு நாட்டில் யாரோ கோல் போட்டதற்குத் தலையணைக்கு அடியில் இருந்து மொத்தக் கேலரியும் எழுந்து பாட ஆரம்பித்துவிட்டது. வீட்டில் எல்லோரும் எழுந்து வந்தார்கள். அதுவும் பழைய வரிதான்.